கேமராவுக்கு முன்னால் ஒரு மஞ்சள் சட்டை

கட்டின பொண்டாட்டியிடம் பேசுவதை ஒருத்தன் நிறுத்திவிட்டால் ஊர் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வரும். வஜீதாவின் வீட்டிலும் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள். கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் புருஷன் முபின் கப்பலில் வேலை பார்க்கிறான். சரக்குக் கப்பல் இல்லை, ஜனங்கள் காசு கொடுத்து ஏறி ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிற உல்லாசக் கப்பல். மேல் தளத்தில் நீச்சல் குளம், ஆட்டம், பாட்டு எல்லாம் அமர்க்களப்படும். முபின் கண்ணில் அதெல்லாம் படாது. அவன் கீழே எஞ்சின் ரூமில் ஃபிட்டர். போன லீவு முடிந்து கிளம்பிப் போனவன்தான், அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு போன் கிடையாது. மெசேஜ் தினமும் வரும். போட்டோ வரும். மாசம் பிறந்தால் பணமும் வரும். குரல் மட்டும் வராது. இவள் கூப்பிட்டால் அடித்து அடித்து ஓயும். ஓய்ந்த பிறகு 'சிக்னல் இல்லம்மா' என்று ஒரு வரி வந்து விழும்.

"போட்டோ அனுப்ப சிக்னல் இருக்கு, பேசறதுக்கு மட்டும் இல்லையா? யார்கிட்ட விடறான் கதை?" என்றான் அவள் அண்ணன் அஜ்மல். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறவனிடம் சிக்னல் கதை செல்லுமா?

முதலில் வஜீதா அண்ணனிடம் சண்டைக்குப் போனாள். அவருக்கு வேலை ஜாஸ்தி, உனக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். அப்புறம் அவளே முபின் அனுப்புகிற போட்டோக்களை விரலால் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். ஓரத்தில் ஒரு கை தெரிந்தால் அதில் வளையல் இருக்கிறதா என்று பார்ப்பாள். ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டும் விட்டாள். 'அங்க யாராவது இருக்காங்களா? இருந்தா சொல்லிடுங்க.' பதிலுக்கு 'லூசு' என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை என்னதான் செய்வாள்?

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. பட்டா, பென்ஷன், சாதிச் சான்றிதழ் என்று வருகிறவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் மனு போட்டுக் கொடுப்பாள். ஊரார் குறையை நாலு வரியில் அழகாக எழுதிவிடுவாள். தன் குறையை யாரிடம் போய் எழுதுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் அவள் அத்தா நசீருதீன்தான் வாயைத் திறந்தார். "ஞாயித்துக்கெழமை ஜமாத்துல பேசிடலாம்மா. அவங்க வீட்டுப் பெரியவங்களையும் வரச் சொல்லிடறேன். சேர்ந்து இருக்கறதுன்னா இருக்கட்டும், இல்லைன்னா தீர்த்து விட்டுடச் சொல்லுவோம். இப்படி அந்தரத்துல தொங்க வேணாம்."

வஜீதா சரி என்று சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது வருஷம் வாழ்ந்த வாழ்க்கை, ஹானி என்று ஒரு பெண் குழந்தை, எல்லாம் அந்த ஒரு சரியில் போய் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் முபினிடமிருந்து நீளமாக ஒரு மெசேஜ் வந்தது. அன்றைக்குக் கப்பல் ஒரு தீவில் நிற்கிறதாம். அவனுக்கு மூன்று மணி நேரம் ஓய்வாம். அங்கே ஏர்போர்ட்டை ஒட்டியே கடற்கரையாம், விமானங்கள் ஜனங்களின் தலையை உரசுகிற மாதிரி வந்து இறங்குமாம். அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் கூடுமாம். அந்தக் கரையைப் பார்த்து ஒரு கேமரா நாள் முழுக்க இன்டர்நெட்டில் ஓடிக்கொண்டிருக்கும், லிங்க் அனுப்பியிருக்கிறேன், உங்க நேரம் சாயங்காலம் ஏழு மணிக்கு மஞ்சச் சட்டை போட்டுக்கொண்டு கேமராவுக்கு நேராக நிற்கிறேன், ஹானியைக் கூட்டி உட்கார வைத்துப் பாரு என்று எழுதியிருந்தான்.

"பேச நேரமில்லாதவரு நிக்கறதுக்கு நேரம் ஒதுக்கியிருக்காரு" என்றாள் வஜீதா. அவள் வாய்க்குள்ளேயே சொன்னது அம்மிக்கல் விழுந்த மாதிரி அத்தாவுக்குக் கேட்டது.

அன்று பௌர்ணமி. ஊருக்குள் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, எங்கே பார்த்தாலும் கிரிவலத்துக்கு வந்த ஜனம். பவர் பேங்கும் சார்ஜரும் சுடச்சுட விற்கிற அந்த நாளில் அஜ்மல் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கச்சி புருஷன் யாரோடு நிற்கிறான் என்று தன் கண்ணால் பார்த்தால்தான் அவனுக்கு ஆறும். போனிலிருந்து படத்தை டிவிக்கு மாற்றிக் கொடுத்தான்.

"இது நேரடின்னு போட்டிருந்தாலும் ஒரு அரை நிமிஷம் லேட்டாத்தான் வரும். அங்க நடந்து முடிஞ்சதைத்தான் நாம பார்ப்போம்" என்றான்.

டிவியில் ஒரு கடற்கரை விரிந்தது. அங்கே நல்ல காலை வெயில். நீலமென்றால் அப்படியொரு நீலம். அந்தப் பக்கம் கடல், கேமரா இருக்கிற இந்தப் பக்கம் ஒரு ரோடு, ரோட்டைத் தாண்டி கம்பி வேலி, வேலிக்கு உள்ளே ஓடுபாதை. நடுவில் இருக்கிற துண்டு மணலில் நூறு பேர் நின்றார்கள். அதில் பாதிப் பேர் பெண்கள், அவர்கள் உடம்பில் துணி ரொம்பக் கம்மி. நசீருதீன் சட்டென்று தொப்பியைக் கழற்றி, அதில் தூசி இருக்கிறதா என்று கவனமாகத் தட்ட ஆரம்பித்தார்.

"அங்க அப்படித்தான் அத்தா" என்றான் அஜ்மல்.

"நான் என்னடா சொன்னேன்?" என்றார் அவர், தொப்பியைப் பார்த்தபடியே.

"அத்தா!" என்று கத்தினாள் உம்மே ஹானி. ஏழு வயசு. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். மஞ்சள் சட்டை, கறுப்பு பேன்ட், கையில் செருப்பு. முபின் மணலில் நடந்து வந்து கேமராவுக்கு நேராக நின்றான். இளைத்திருந்தான். அவனைப் பார்த்ததும் வஜீதாவுக்குக் கோபம்தான் வர வேண்டும், ஆனால் முதலில் வந்தது கோபமில்லை. அதை நினைத்து அவளுக்கு அவள் மேலேயே எரிச்சல் வந்தது.

அவன் பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி வந்து நின்றாள். அஜ்மல் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்த நொடியே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஐஸ்கிரீமோடு வந்து அந்தச் சிவப்புத் தொப்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அஜ்மல் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தான். முபின் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி கேமராவைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தான். ஹானியும் டிவியைப் பார்த்து ஆட்டினாள்.

அப்போதுதான் விமானம் வந்தது. முதலில் சத்தம் வந்தது. டிவியிலேயே ஜன்னல் அதிர்கிற மாதிரி ஒரு இரைச்சல், ஹானி காதைப் பொத்திக்கொண்டாள். கரையில் இருந்த அத்தனை பேரும் கடல் பக்கம் திரும்பினார்கள். போனைத் தூக்கினார்கள், காதைப் பொத்தினார்கள், பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். எல்லா முதுகும் இந்தப் பக்கம் இருக்க, ஒரே ஒரு முகம் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. முபின் கையை ஆட்டுவதை நிறுத்தவே இல்லை. விமானத்தின் வயிறு திரையை அடைத்தது. நிழல் மேலே விழுந்த பிறகுதான் அவன் தூக்கிவாரிப்போட மணலில் குந்தினான், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

விமானம் வேலியைத் தாண்டிப் போய் இறங்கியது. ஜனங்கள் கை தட்டினார்கள், சிரித்தார்கள். முபின் எழுந்து இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவனும் சிரித்தான்.

"கொழுப்பைப் பாரேன். கடைசி வரைக்கும் திரும்பவே இல்ல. அப்புறம் பயந்த மாதிரி ஒரு நடிப்பு வேற" என்றான் அஜ்மல். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தாவும் சிரித்தார்.

வஜீதா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். கடைக்கு முதியோர் பென்ஷனுக்கு வருகிறவர்களில் பத்துக்கு மூன்று பேர் அப்படித்தான் சிரிப்பார்கள். நாம் கேட்டது காதில் விழுந்திருக்காது. பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்து, அவன் சிரித்தால் சிரிப்பார்கள், அவன் தலையாட்டினால் ஆட்டுவார்கள். ஒரு நொடி பிந்தி வரும் அந்தச் சிரிப்பு.

போன லீவில் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ஹானி காதோடு காதாக ஏதோ ரகசியம் சொல்ல, அவன் என்ன என்று கேட்காமல் அவளைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தான். கரண்ட் போன நேரத்தில் இருட்டில் இவள் பேசிக்கொண்டே இருந்தாள், அவன் ஒரு பதிலும் சொல்லவில்லை. சுவரோடு பேசற மாதிரி இருக்கு உங்களோட என்று திட்டிவிட்டு எழுந்து போனாள். அதையும் அவன் கேட்கவில்லை. திட்டியதைக்கூடக் கேட்காத மனுஷனோடு அவள் இரண்டு நாள் கோபித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் போனை எடுத்தாள். 'பின்னாடி விமானம் வந்தது உங்களுக்குக் கேக்கலையா?' என்று எழுதி அனுப்பினாள்.

டிவியில் முபின் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். படித்தான். தூக்கியிருந்த இன்னொரு கை மெதுவாகக் கீழே இறங்கியது. போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நிமிர்ந்து கேமராவைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினான்.

"அத்தா ஏன் வேணாம்னு சொல்றாங்க?" என்று கேட்டாள் ஹானி.

கொஞ்ச நேரம் கழித்து வஜீதாவின் கையில் போன் அதிர்ந்தது. 'ரெண்டு காதும் போயிட்டே இருக்கு. எஞ்சின் சத்தம். நேர்ல நின்னு பேசினா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். போன்ல முடியல, வீடியோல படம் விட்டு விட்டு வருது. வர்ற மெடிக்கல் செக்கப்ல தெரிஞ்சா கப்பல்லேர்ந்து இறக்கி விட்டுடுவாங்க. உன்கிட்ட சொன்னா நீ உடனே வான்னுவ. வந்து நான் என்ன பண்ணுவேன் வஜீ. யாருக்கும் சொல்லாத.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அழுகை வந்தது, அதைவிட ஜாஸ்தியாகக் கோபம் வந்தது. இன்னொருத்தி இருக்கிறாள் என்று இவள் நினைத்தாலும் நினைக்கட்டும், காது கேட்கவில்லை என்று தெரியக் கூடாது என்று விட்டிருக்கிறான். கெட்டவன் என்ற பேரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான், பைத்தியக்கார மனுஷன். காது போனால் இவள் விட்டுவிட்டுப் போய்விடுவாளா? இவளைப் பற்றி அவ்வளவுதானா அவனுக்குத் தெரியும்? அப்புறம் அவளுக்குத் தோன்றியது, தானும் அவனை அவ்வளவுதானே தெரிந்து வைத்திருந்தோம் என்று.

மனு எழுதுகிற கை, நிறுத்தாமல் எழுதியது. 'உங்க காதுக்காக நான் கோவப்படல. எங்கிட்ட மறைச்சதுக்குத்தான் கோவம். அந்தக் கோவத்தை நேர்ல வந்து வாங்கிக்கங்க. வேலை போனா போகட்டும், மிச்சக் காதையும் அந்த எஞ்சினுக்குக் குடுத்துட்டு வராதீங்க. என்ன பண்றதுன்னு எதிர்ல உக்காந்து பேசுவோம், உதடு தெரியற மாதிரி.' அனுப்பிவிட்டு டிவியைப் பார்த்தாள்.

முபின் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தலைக்கு மேலே, கடலின் கோடியில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி பெரிதாயிற்று. கரையில் இருந்த கூட்டம் மறுபடி கடல் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

"திரும்புங்க, பின்னாடி பாருங்க" என்று டிவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள் வஜீதா. அத்தா திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். 'விமானம் வரு' என்று போனில் அடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அங்கே அது எப்போதோ இறங்கிவிட்டிருக்கும்.

இரைச்சல் வந்தது. கூட்டம் முழுக்க அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. அந்தப் பெரிய வயிறு எல்லோர் தலைக்கு மேலேயும் போனது. காற்று அடித்து மணல் பறந்தது, மஞ்சள் சட்டை முதுகில் புடைத்தது. முபின் நிமிரவில்லை. அவன் அவள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தான். படித்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

அஜ்மலுக்கு இப்போதுதான் உறைத்தது. அவன் மெதுவாக ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான், தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல்.

டிவியில் முபின் கேமராவைப் பார்த்தான். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, பெரிதாக, மேலும் கீழும் தலையாட்டினான்.

"ஞாயித்துக்கெழமை யாரையும் வரச் சொல்ல வேணாம்த்தா" என்றாள் வஜீதா.

நசீருதீன் ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார். "ஏம்மா, போன் பண்ணானா?"

"இல்லத்தா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பேசிட்டாரு."