வால் மடித்த முடிச்சு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கம் மாதாமாதம் ஒரு துண்டுத்தாள் வெளியிடுகிறது. தண்ணீர் வராத நாள், லிஃப்ட் பழுது, காணாமல் போன பூனை இவற்றுக்கு நடுவே அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. "நீங்கதான் எழுதுறவராச்சே. சனிக்கிழமை காலையில வீட்டுக்குப் பக்கத்துலயே சும்மா நடந்துட்டு வர்ற மாதிரி ஒரு வழி எழுதிக் குடுங்களேன். மூச்சு வாங்கக் கூடாது, முட்டி வலிக்கக் கூடாது" என்றார் செயலாளர். எழுதிக் கொடுத்தேன். அச்சாகியும்விட்டது. அதில் எழுத முடியாமல் மிஞ்சியதுதான் இது.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"முன்னொரு காலத்தில் பஸ் ஓட்டிய ஒருவர் இருந்தார்." (இது ராஜா கதை போல இருக்கிறது.)

"பூட்டின் மேல் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது." (இது போலீஸ் கதை போல இருக்கிறது. ஆனாலும் விட மனமில்லை. பின்னால் வரும்.)

"மனிதர்களைச் சந்தேகிப்பது பாவம், ஆனால்

இதை முடிக்க முடியவில்லை. எழுத உட்காரும் முன் கண்ணை மூடி, 'யாரையும் காயப்படுத்தாமல் எழுத வை' என்று கடவுளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது என் வழக்கம். அப்படிக் கேட்டுவிட்டு உடனே 'ஆனால்' போடக் கூசியது. என்ன செய்வது, இந்தக் கதை முழுவதும் அந்த 'ஆனால்'தான்.

2

எங்கள் சனிக்கிழமை நடைக்கு ஒரு முறை உண்டு. ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர்தான் எங்கள் வழிகாட்டி. நான் அவரை அண்ணன் என்பேன். ஒரே வழி அலுத்துவிடும் என்று வாரம் ஒரு வழி வைப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனியாகப் போய், திருப்பங்களில் கம்பத்திலோ கிளையிலோ சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு வருவார். மறுநாள் காலை அவரவர் கால் போகிற வேகத்தில் ரிப்பனைப் பார்த்துக்கொண்டே நடப்போம். யாரும் பின்தங்கிவிடக் கூடாது என்று அண்ணன் கடைசி ஆளாக வருவார். எந்த வழியானாலும் தண்ணீர்த் தொட்டி வரை எல்லாம் ஒன்றுதான். அங்கே வலப்பக்கம் திரும்பி, கால்வாய்க் கரையோ மரப் பண்ணையோ சுற்றி, பேக்கரி பெஞ்சில் போய் முடியும். இடப்பக்கம் லாரிகள் ஓடும் பெரிய சாலை. அங்கே எங்களுக்கு வேலையில்லை.

ரிப்பன் கத்தரித்துக் கொடுப்பது அவர் மனைவி, தையல்காரம்மா. ரவிக்கைக்கு லைனிங் வெட்டிய மிச்சத் துணி. நான் அவரை அக்கா என்பேன்.

இன்னொருவர் பல் டாக்டர். இளைஞர். புதிதாக வந்தவர், தனிக்கட்டை. கூடுதலாக ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து யாருக்காவது நீட்டுவார். எப்போதும் சிரிப்பார். காரியம் ஆக வேண்டியது ஏதும் இல்லாமல் ஒருவர் இவ்வளவு சிரிப்பாரா என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் ஐயம்.*

(* இந்த வரியை என் மனைவி அடிக்கச் சொன்னாள். "அவர் தொழிலே பல்லு. காட்டாம என்ன பண்ணுவார்?" அடிக்கவில்லை. நான் எப்படிப்பட்டவனாக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.)

3

ஒரு சனிக்கிழமை தொட்டியருகே ரிப்பன் இடப்பக்கம் காட்டியது. புது வழி போலிருக்கிறது என்று திரும்பினோம். அடுத்த ரிப்பன் ஒரு கம்பத்தில். அதற்கடுத்தது ஒரு மூடிய கடையின் முன்னால். பக்கத்தில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. ஒரு பாட்டியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு பெரிய இரும்புக் கதவு, துருப்பிடித்த பூட்டு. பூட்டின் மேல் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

அண்ணன் கடைசியாக வந்து சேர்ந்தார். பூட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"இது என் வேலை இல்ல. எவனோ விளையாடியிருக்கான்."

"போன வாரம் டாக்டர்தானே சொன்னாரு, ஒரு நாள் ரிப்பனை மாத்திக் கட்டிட்டு வேடிக்கை பாக்கணும்னு?" என்றது ஒரு குரல்.

எல்லோரும் டாக்டரைப் பார்த்தோம். அவர் அண்ணனைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"நான்தான்ணே. தமாஷுக்குப் பண்ணேன். மன்னிச்சிடுங்க."

"லாரி போற ரோட்டுல வயசானவங்களை இழுத்துவிட்டுத் தமாஷா? ரிப்பன்ல கை வைக்கிறவன் இந்தக் கூட்டத்துல நடக்க வேண்டாம் தம்பி."

டாக்டர் தலையாட்டினார். கையிலிருந்த பாட்டிலைப் பாட்டியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்த வழியே தனியாக நடந்தார்.*

(* தையல்காரம்மா அன்று வரவில்லை; காய்ச்சல். இதை நான் அப்போது கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள். படிப்பவர்கள் என்னைவிடச் சந்தேகக்காரர்கள்.)

4

உறுத்தியது ஒன்றுதான். கேட்ட மாத்திரத்தில் ஒத்துக்கொண்டார். குற்றம் செய்தவன் கொஞ்சமாவது மழுப்புவானே!

"இப்படி ஒத்துக்கிட்டது, பெருசா வேற எதையோ மறைக்கத்தான்" என்றேன் மனைவியிடம்.

"ஏங்க, ஒத்துக்கலைன்னா திருடன்னு சொல்வீங்க, ஒத்துக்கிட்டா பெரிய திருடன்னு சொல்றீங்க. அந்த மனுஷன் என்னதான் பண்ணுவார்?"

"அடுத்த சனிக்கிழமையும் செய்வார், பாரு."

"பாருங்க, பாருங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வாக்கிங் போறதுக்கு ஒரு நாள் சீக்கிரமா எழுந்ததில்ல, வேவு பார்க்கன்னா அலாரம் இல்லாம எழுந்திரிக்கிறீங்க."

எழுந்தேன். வெளுக்கத் தொடங்கிய நேரம். தொட்டிச் சுவருக்குப் பின்னால் நின்றேன். ரிப்பன் மறுபடியும் இடப்பக்கம் கட்டப்பட்டிருந்தது. 'பார்த்தாயா' என்று மனைவியிடம் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பெரிய சாலைப் பக்கமிருந்து சால்வை போர்த்திய ஓர் உருவம் வந்தது. கை நிறைய ரிப்பன்கள். தொட்டியருகே வந்து, இடப்பக்கத்து ரிப்பனை அவிழ்த்து, வலப்பக்கத்துக் கிளையில் கட்டியது. சால்வை விலகியது. தையல்காரம்மா.

(இந்த இடத்தில் முதலில் எழுதியது: "அவர் கண்களில் ஒரு வஞ்சம் மின்னி" — அடித்துவிட்டேன். அந்த வெளிச்சத்தில் கண்ணே தெரியவில்லை. வஞ்சம் எங்கே தெரியும்?)

"அக்கா!"

அவர் திடுக்கிட்டார். பிறகு நானென்று தெரிந்து மூச்சு விட்டார். "பேய் மாதிரி நிக்கிறீங்களே தம்பி."

"நீங்கதானா மாத்துறது?"

"மாத்துறது இல்ல. திருத்துறது." கையிலிருந்த ரிப்பன்களை முந்தானையில் முடிந்துகொண்டார். "இதெல்லாம் எங்க கட்டியிருந்தது தெரியுமா? ஒவ்வொண்ணும் ஒரு பழைய பஸ் ஸ்டாப். இது அவர் ஓட்டின வண்டியோட வழி. அந்த இரும்புக் கதவு இருக்கே, அது பழைய டெப்போ."

நான் பெரிய சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"மத்ததெல்லாம் ஞாபகம் இருக்கு தம்பி. என் மாத்திரையைக்கூட அவர்தான் எடுத்துத் தர்றார். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, நாளைக்குக் கால்வாய்க் கரைன்னு சரியாத்தான் சொல்லிட்டுப் போறார். இந்தத் தொட்டிகிட்ட வந்தா மட்டும் கால் இடது பக்கம் போயிடுது. வீட்டுக்கு வந்து, கால்வாய்ல கட்டிட்டேன்னு சொல்றார். பொய் இல்ல, அப்படித்தான் நம்புறார். நான் விடியறதுக்குள்ள வந்து சரி பண்ணிடுவேன். அன்னைக்குக் காய்ச்சல்ல எழுந்திரிக்க முடியல."

"டாக்டரைத் துரத்திட்டாங்களே அக்கா."

"தெரியும்." குரல் இறங்கியது. "அந்தப் பிள்ளை மேல பழி விழுந்ததிலிருந்து தொண்டையில சோறு இறங்கல. ஆனா நான் வாயைத் திறந்தா இவர் ரிப்பனைக் கழட்டி வச்சுட்டு நாற்காலியில உக்காந்துடுவார். அப்புறம் எழுந்திரிக்க மாட்டார். அவருக்குத் தெரியக் கூடாது. சொல்ல மாட்டீங்கல்ல?"

தலையாட்டினேன். அவர் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்து, நுனியை உள்ளே செருகிவிட்டுக் கால்வாய்க் கரைப் பக்கம் போனார்.

5

டாக்டரின் கிளினிக் பெரிய சாலையில் இருக்கிறது. பல் வலி என்று சொல்லிக்கொண்டு போனேன்.

"எந்தப் பல்லு?"

"வலி இல்ல டாக்டர். நீங்க ரிப்பனை மாத்தலை. ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

அவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே ஒரு கம்பம். "அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் இங்க வந்து கட்டினதைப் பாத்தேன். கட்டிட்டு நகரவே இல்ல. ரோட்டைப் பாத்து நின்னார். அப்புறம் கையை இப்படி ஆட்டினார், ஏறுங்க ஏறுங்கன்னு. யாரும் இல்ல சார் அங்க. கூப்பிட்டுக் கேக்கலாம்னு நெனச்சேன். என்னன்னு கேக்கிறது?"

"அதுக்காகப் பழியை ஏத்துக்கணுமா?"

"அந்தப் பூட்டைப் பாத்தப்போ அவர் முகத்தைப் பாத்தீங்களா? எனக்கு அந்த முகம் தெரியும். நாற்காலியில சாயற எல்லார்கிட்டயும் பாக்கறேன். பயம்." பிறகு சிரித்தார். "பல் டாக்டர்கிட்ட யாரும் உண்மை சொல்றதில்ல சார். தினம் ரெண்டு வேளை தேய்க்கிறேன்பாங்க. பதிலுக்கு நான் ஒரு பொய் சொன்னா என்ன?"

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பார்த்ததைத்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுதியதைப் படித்தால் பொய்யாகத் தெரிகிறது. தனியாக இருக்கிற ஒருவர், வாரத்தில் அவருக்கிருந்த ஒரே துணையை இப்படி விட்டுக்கொடுப்பாரா?

மனைவி படித்துவிட்டுச் சொன்னாள்: "உங்க கதையில திருடன்கூடத் திருடின வீட்டைப் பெருக்கிட்டுத்தான் போவான்."

"இது நடந்தது."

"நடந்ததுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் நம்ப முடியல. எழுத்துல எல்லாரையும் நல்லவனாக்குறீங்க, எதிர்ல ஒரு நல்லவன் வந்தா வேவு பாக்குறீங்க."

அன்றிரவு வேண்டிக்கொள்ளும்போது வழக்கமான வார்த்தை வரவில்லை. 'கண்ணைக் கொடு' என்று மட்டும் கேட்டேன்.

6

முடிவுகள்.

அ. கூட்டத்தில் உண்மையைச் சொல்கிறேன். டாக்டர் திரும்புகிறார். அண்ணன் ரிப்பனை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ (எழுத முடியவில்லை.)

ஆ. சொல்லாமல் இருக்கிறேன். அக்கா வாரா வாரம் வருகிறார். மழைக்காலம் வருகிறது. அக்காவுக்கு மறுபடியும் காய்ச்சல் வருகி

இ. அண்ணனுக்கு ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடுகிறது. (இப்படி எழுதுகிறவனைக் கடவுள் மன்னிப்பார், வாசகர் மன்னிக்க மாட்டார்.)

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாசல் மணி அடித்தது. அண்ணன்.

7

"எழுத்தாளர் தம்பி, வேலையா இருக்கீங்களா?"

காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், கேட்கவில்லை. மனைவி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே என்றால் கதவுக்குப் பின்னால்.

"டாக்டர்கிட்டப் போயிட்டுத்தான் வரேன். மன்னிப்புக் கேக்கப் போனேன். வாயைத் திறங்கண்ணேன்னு சொல்லிட்டான். வாய்க்குள்ள கண்ணாடியை விட்டுட்டா எப்படி மன்னிப்புக் கேக்கிறது? ஒரு சொத்தையைக் கண்டுபிடிச்சுட்டான். சனிக்கிழமை வாடான்னு சொல்லியிருக்கேன்."

"மன்னிப்பா? எதுக்கு அண்ணே?" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்து கம்பியோடு ஒரு ரிப்பனையும், குச்சியோடு ஒரு ரிப்பனையும் எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் முடிச்சு அவிழ்க்காமல் இருந்தன.

"இது அந்தப் பூட்டுல இருந்தது, சுத்தியிருந்த கம்பியோட அன்னைக்கே உருவிட்டு வந்துட்டேன். வால் தொங்குது பாருங்க. நான் அப்படித்தான் கட்டுவேன். கதவுகிட்ட வந்ததும் பாத்துட்டேன், என் முடிச்சுன்னு. பயந்துட்டேன் தம்பி. அந்தப் பையன் நான்தான்னு சொன்னதும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்." தேநீரைத் தொடவில்லை. "இது போன சனிக்கிழமை கால்வாய்ல இருந்தது. வாலே தெரியாது. உள்ள மடிச்சுச் செருகியிருக்கு. தையல்காரி முடிச்சு எனக்குத் தெரியாதா? என் சட்டைப் பட்டன் எல்லாம் அவ வச்சது."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

"யாருன்னு நான் கேக்கல. அது எனக்குத் தெரியும். தொடர்ந்து செய்வாங்களான்னுதான் தெரியணும். செஞ்சா நான் கட்டுவேன். இல்லைன்னா இந்த வாரத்தோட நிறுத்திடறேன். பாட்டியம்மாவை மறுபடி லாரிகிட்டக் கூட்டிட்டுப் போக முடியாது."

"அக்காகிட்டயே கேளுங்களேன் அண்ணே."

"கேட்டா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறா." எழுந்தார். "நீங்க எப்படியாவது தெரிஞ்சுக்கிட்டு சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க." தலையாட்டினேன்.

பூட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டார். வால் மடித்ததை என் மேசைமேலேயே விட்டுப் போனார்.

8

அவருக்குத் தெரியக் கூடாது என்பது அக்காவின் கவலை. தெரிந்தது அக்காவுக்குத் தெரியக் கூடாது என்பது அண்ணனின் கவலை. நடுவில் நான், இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு.

அக்கா தொடர்வாரா என்று கேட்டால் 'உயிருள்ளவரை' என்பார். ஆனால் காய்ச்சல் கேட்டுக்கொண்டு வருவதில்லை. டாக்டரை அக்காவுக்குத் துணையாகப் போகச் சொல்லலாம். நானும் போகலாம், தொட்டிச் சுவர் எனக்குப் பழக்கம்தான். மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து வந்து அந்த முடிச்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கஷ்டமில்ல. ஒரு தடவை பாத்தா வந்துடும்" என்றாள்.

இதற்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. அண்ணனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் என் கையில் மட்டும் இல்லை. துண்டுத்தாளில் நான் எழுதிய வழி உங்களிடம் இருக்கிறது. எளிய வழிதான், மூச்சு வாங்காது, முட்டி வலிக்காது. சனிக்கிழமை யாரும் வருவதற்கு முன் நீங்கள் தண்ணீர்த் தொட்டியருகே போக நேர்ந்தால், இடப்பக்கம் வால் தொங்கும் ஒரு சிவப்பு ரிப்பன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவிழ்த்து வலப்பக்கத்துக் கிளையில் கட்டுங்கள்.

நுனியை உள்ளே மடித்துச் செருகிவிடுங்கள்.