பட்டியலில் மட்டும் இருக்கும் பாடம்

"கம்பைலர் பாடத்தை இந்த வருஷம் நடத்துங்க சார்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளிடம் சீனியர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார்கள். இறுதியாண்டு விருப்பப் பாடப் பட்டியலில் அது முதலாவதாக நிற்கும். ஆறு வருஷமாக யாரும் நடத்தியதில்லை. மூன்று விருப்பங்கள் எழுதச் சொல்வார்கள், எல்லோர் தலையிலும் மூன்றாவதையே கட்டுவார்கள்.

துறைத்தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ ஒருத்தி கேட்டாப் போதுமா?"

"பதினொரு பேர் சார். பத்துப் பேர் போதும்னு உங்க நோட்டீஸ்லயே இருக்கு." கையெழுத்துத் தாளை மேசையில் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. "பாடம் எடுக்க ஆளில்லைம்மா. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க பாக்கத்தான் அந்தப் பேரு. உங்க வீட்லயே நீதான் முதல் பட்டதாரி. கெடைச்சதைப் படிச்சிட்டு வேலைக்குப் போவியா, வம்புக்கு நிக்கிறியே?"

அவள் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "முதல் ஆளுன்னா மிச்சம் மீதிதானா சார்? நான் எழுதுற புரோகிராமை மெஷின் எப்படிப் புரிஞ்சுக்குதுன்னே தெரியாம டிகிரி வாங்கி என்ன பண்ண?"

"வாய் மட்டும் நல்லா இருக்கு." அவர் அவளுடைய விருப்பப் படிவத்தை எடுத்தார். "ரெண்டாவது, மூணாவது காலியா இருக்கே? நிரப்பு. இல்லேன்னா பாடமே இல்லாம ஒரு செமஸ்டர் போயிடும்."

பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"தெரிஞ்சுதான் விட்டேன் சார். பதினொரு பேர் படிவமும் அப்படித்தான் இருக்கு. எண்ணிப் பாருங்க. பதினொரு பேருக்கும் பாடமே இல்லேன்னா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியேறினாள்.