எட்டு உள்பை வைத்த கோட்டு

பெரிய பெட்டிகளை அனுப்பிவிட்டு, சோதனையெல்லாம் முடிந்து, விமான நிலையத்துக்குள் வந்து அப்பாடா என்று உட்கார்ந்த நேரத்தில்தான் மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, காப்பிக் கொட்டை மூட்டை வந்து சேரல. கப்பல்லயே கிடக்குதாம். நாளைக்குக் காலைல கடை திறக்கணும். பலகையில 'எங்க ஊர்க் காப்பி'ன்னு பெருசா எழுதி வேற மாட்டிட்டேன்!" குரல் அழுகைக்குப் பக்கத்தில் நின்றது. "அங்க கிடைச்சா ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்கம்மா. முதல் நாளை ஓட்டிடுவேன்."

அவளுடைய அப்பா, தையல்காரர், போனைப் பிடுங்கினார். "நீ பால் காய்ச்சுற வழியைப் பாரு. கொட்டை என் பொறுப்பு."

மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். விமானத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

ஒரே ஒரு காப்பிக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் கால் கிலோ பொட்டலங்கள்; பக்கத்து மலையில் விளைந்து, அந்த வாரம் வறுத்தவை. கடைப்பெண் ஒன்றை லேசாக அமுக்கி, அதிலிருந்த சிறு துளையை அவர் மூக்கருகே நீட்டினாள். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எட்டு குடும்மா."

"அரைச்சுத் தரவா சார்?"

"ஐயையோ, வேணாம். முழுசாவே குடு."

"ரெண்டு காப்பியும் போடும்மா," என்றாள் மனைவி. "எதை வாங்கிட்டுப் போறோம்னு தெரிய வேண்டாமா?"

நின்றபடியே குடித்தார்கள். அவசரத்தில் இருவருக்கும் நாக்கு பொத்துப்போனது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

விமானம் ஏறும் வாசலை நெருங்கியதும் அவள் சட்டென்று நின்றாள். ஓர் அதிகாரி ஒவ்வொரு கைப்பெட்டியையும் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏழு கிலோவுக்கு மேல் ஒரு குண்டூசியைக்கூட விடவில்லை.

"போச்சுங்க. நம்ம ரெண்டு பெட்டியும் வீட்டுலயே ஏழு கிலோவைத் தொட்டாச்சு."

தையல்காரர் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினார். இந்தப் பயணத்துக்கென்று அவரே தைத்த கோட்டு. உள்ளுக்குள் எட்டுப் பை வைத்திருந்தார். அதைப் பார்த்த அன்று அவள் சிரித்த சிரிப்பு கொஞ்சமா? "ஏங்க, மகளைப் பாக்கப் போறீங்களா, வித்தை காட்டப் போறீங்களா?"

"எங்க, இப்பச் சிரி பாப்போம்," என்றார்.

தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, அவள் ஒவ்வொன்றாகச் செருகினாள். எட்டும் கச்சிதமாக உட்கார்ந்தன.

"பொட்டலத்துக்கு அளவெடுத்தா தைச்சீங்க?"

"உன் வாயை அடைக்கத் தைச்சேன்."

தராசில் ஒரு பெட்டி ஏழு. இன்னொன்றும் சரியாக ஏழு. அதிகாரி தையல்காரரை ஏற இறங்கப் பார்த்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது, உடம்பு மட்டும் பீப்பாய். காற்றை முகர்ந்தார்.

"என்ன சார், காப்பி வாசனை தூக்குது?"

"இப்பத்தான் குடிச்சேன்."

"கொஞ்சம் அதிகமாவே குடிச்சுட்டார்," என்றாள் மனைவி.

அதிகாரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போங்க, போங்க," என்று வழிவிட்டார்.

இருக்கையில் பெல்ட் எட்டவில்லை. பணிப்பெண் இன்னொரு துண்டு பெல்ட்டைக் கொண்டுவந்து இணைத்தாள். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு வழி முழுக்கத் தூங்கினார். கோட்டைக் கழற்றவே இல்லை. பல வருடம் கழித்து அவர் இறந்த பிறகும், காப்பி மணத்த அந்தக் கோட்டை அவள் துவைக்கப் போடவில்லை.

அன்று விமானத்திலிருந்து இறங்கி வெளியே வந்ததும் மகள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். உள்ளே மொறுமொறுவென்று சத்தம்.

"என்னப்பா, இப்படிக் குண்டாயிட்டீங்க?"

"கவலைப்படாதே. நாளைக்கு நீ கடை மூடுறதுக்குள்ள இளைச்சுடுவேன்."