காளியண்ணின் என்னும் மூலக்கூறு

கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டி முடித்திருந்தார்கள். சங்ககிரி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஸ்ரீதேவி அதைப் பார்க்காதது போலப் போய்விடத்தான் நினைத்தாள். ஆனால் பார்க்காமல் போகிற அளவில் அது அச்சாகவில்லை. தாளாளர் காளியண்ணன் வெள்ளைச் சட்டையில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்குப் பின்னால் ஒரு குடோன் பூட்டு. அதற்குள் பாதி நுழைந்த சாவி. சாவியின் பிடியில் ஒரு பச்சை இலை. கீழே, ‘சர்க்கரை நோயின் பூட்டைத் திறந்த காளியண்ணின்! மூலக்கூறு அறிமுக விழா, நாளை காலை. அனைவரும் வருக.’

பூட்டு சாவி உவமை அவளுடைய ஆய்வு வழிகாட்டி முனைவர் அறிவு கொடுத்தது. செல்களில் ஏற்பிகள் உண்டு, அவை பூட்டு. மருந்தின் மூலக்கூறு சாவி. சாவி பொருந்தினால் தீர்ந்தது நோய் என்று அவர் தாளாளருக்கு விளக்க, தாளாளர் ஃப்ளெக்ஸ் அடிப்பவருக்கு விளக்க, அவர் கையிலிருந்த பூட்டுப் படத்தை எடுத்து வைத்துவிட்டார்.

ஸ்ரீதேவி வகுப்பெடுக்கும்போது பூட்டைச் சொல்வதில்லை. திருச்செங்கோட்டுத் தேருக்குப் போகிற பஸ்ஸைச் சொல்வாள். ஏற்பி என்பது சீட்டு. மூலக்கூறு ஏறி, இடிபட்டு, உடம்பைத் திருப்பி, முட்டியை ஒடுக்கி உட்காரப் பார்க்கும். உட்கார்ந்ததும் சீட்டும் கொஞ்சம் நெளிந்து இடம் கொடுக்கும். உட்கார்ந்தவர்களில் சிலர் டிக்கெட் வாங்கி ஊர் போய்ச் சேருவார்கள். சிலர் ஜன்னல் வழியாகப் போட்ட துண்டு மாதிரி. துண்டு எங்கேயும் போகாது; ஆனால் அது கிடக்கிற வரைக்கும் வேறு யாரும் உட்கார முடியாது. எத்தனையோ மருந்துகள் அந்தத் துண்டு வகைதான் என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். தேர்வில் பூட்டு சாவி என்றே எழுதுவார்கள்.

அந்தக் கல்லூரியில் அவளும் ஒரு துண்டுதான். மேலிடத்திலிருந்து கல்லூரியைச் சோதிக்க வருகிறவர்களிடம் காட்ட முனைவர் பட்ட மாணவி ஒருத்தி வேண்டும்; மற்ற நாட்களில் மூன்று வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க ஆள் வேண்டும். இரண்டுக்கும் அவளே போதும் என்று வைத்திருந்தார்கள். சேரும்போது இடுப்பிலிருந்த மகன் இப்போது பள்ளிக்கூடத்தில் அவளை விடக் கடினமான வீட்டுப்பாடம் செய்கிறான். வீட்டில் அவளுக்குக் காலை வணக்கமே ‘இன்னும் முடியலையா’ என்பதுதான். முடிகிற கட்டம் வந்துவிட்டது. ஆய்வுச் சுருக்கத்தில் அறிவு சார் ஒரு கையெழுத்துப் போட்டால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடலாம். விழா முடிந்த கையோடு போடுவதாக அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு கையெழுத்துக்காக அவள் எந்த ஃப்ளெக்ஸையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

செடி, கஞ்சமலை அடிவாரத்தில் ஆடுகூட வாய் வைக்காமல் விட்ட செடி. அதன் இலையை ஊறவைத்து, சாறெடுத்து, கலவையைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்தில் கொடுத்தபோது திரையில் ஓடிய கோட்டில் ஒரு முகடு மட்டும் ஓங்கி நின்றது. அந்த மூலக்கூறின் வடிவத்தை ஸ்ரீதேவி கம்ப்யூட்டரில் ஏற்றி, சர்க்கரை நோய்க்குத் தொடர்புள்ள ஏற்பி ஒன்றின் குழியில் உட்காரவைத்துப் பார்த்தாள். அப்படியே போய் ஒண்டிக்கொண்டது. கம்ப்யூட்டரில் எல்லாம்தான் ஒண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அந்த முகட்டுப் பொருளைப் பிரித்து பெங்களூரு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினாள். நிஜமான செல்லிலும் ஒட்டுகிறது என்று பதில் வந்தது. அறிவு சார் அன்று எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். மூலக்கூறுக்கு வேதியியல் பெயர் ஏற்கெனவே இருந்தது, ஒரு முழ நீளத்துக்கு. சனங்கள் வாயில் நுழையாது என்று சொல்லி, காளியண்ணின் என்று அவரே பெயர் சூட்டினார். காலியாகவிருந்த கல்லூரி முதல்வர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே பலரிடம் சொன்னார்.

ஃப்ளெக்ஸ் கட்டிய அன்று காலை ஆய்வகத்தில் இலைப்பொடி டப்பா காலியாக இருந்தது. இருந்ததையெல்லாம் தாளாளர் படம் போட்ட சின்னப் பைகளில் அடைத்து விருந்தினருக்குக் கொடுக்க எடுத்துப்போய்விட்டார்கள். நாளைக்கு விருந்தினர் வரும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், திரையில் கோடு நகர வேண்டும் என்பது அறிவு சாரின் உத்தரவு. ஓடுகிறதா என்று பார்க்க, சாறெடுக்கும் சாதனத்தில் இலையே போடாமல் வெறும் கரைப்பானை ஓடவிட்டு அலசினாள். அலசின தண்ணி மாதிரியான அதையே கொஞ்சம் இயந்திரத்தில் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். வெறும் கரைப்பானுக்குக் கோடு தட்டையாகத்தான் போகும்.

கண்ணைத் திறந்தபோது திரையில் காளியண்ணின் நின்றுகொண்டிருந்தது. அதே இடம், அதே உயரம். இலை இல்லாமலே.

அவள் பார்வை மெல்லச் சாறெடுக்கும் சாதனத்தின் மேல் போனது. இரண்டு கண்ணாடிக் குடுவைகள். நடுவே ஒரு ஹோஸ். நல்ல தெளிவான, வளைகிற, பளபளப்பான ஹோஸ்.

காளியண்ணன் போர்வெல் ரிக்கில் தொடங்கியவர். ரிக்குக்காகப் பைப்பு, பைப்புக்குப் பின் ஹோஸ், ஹோஸுக்குப் பின் கல்லூரி என்று படிப்படியாக முன்னேறியவர். நம்ம கம்பெனியில் இருக்கிற சரக்கை வெளியில் வாங்கக்கூடாது என்பது கல்லூரியின் எழுதாத சட்டம். ஸ்ரீதேவி ஆரம்பத்தில் கண்ணாடிக் குழாய்தான் கேட்டாள். கம்பெனியிலிருந்து ஒரு சுருள் ஹோஸ் வந்து இறங்கியது. ஆய்வகத்துக்குப் போக மிச்சத்தில் கல்லூரித் தோட்டத்துக்கே தண்ணீர் பாய்ச்சலாம், பாய்ச்சிக்கொண்டும் இருந்தார்கள்.

அறிவு சார் தன் அறையில் வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

“சார், அது செடியில இல்லைங்க.”

“எது?”

“காளியண்ணின். ஹோஸ் வளையறதுக்குக் கலக்கற எண்ணெய் சார் அது. கரைப்பான் பட்டா ஊறி வருது.”

அவர் வரவேற்புரையைக் கீழே வைத்தார். அதே மூலக்கூறை எத்தனையோ செடிகளில் கண்டதாகக் கட்டுரைகள் இருக்கின்றனவே என்று கேட்டார். அவர்களிடமும் ஹோஸ் இருந்திருக்கும் என்றாள் ஸ்ரீதேவி.

“ஏற்பியில ஒட்டுச்சா, இல்லையா?”

“ஒட்டுச்சுங்க சார்.”

“பெங்களூர்க்காரன் பொய் சொல்லலையே?”

“இல்லைங்க. ஒட்டறதுனாலதான் சார் ஆபத்தே. உடம்புல போய் வேண்டாத எடத்துல உக்காந்துக்கும்.”

“நல்லது கெட்டது அப்பறம் பாத்துக்கலாம்மா. ஒட்டுதுன்னுதானே சொல்றோம்? குணமாக்குதுன்னா சொல்றோம்? மூலக்கூறோட அப்பன் ஆத்தா யாருன்னு விசாரிக்கறதா விஞ்ஞானம்?” பிறகு குரல் இறங்கியது. அவருக்கும் களைப்பாக இருந்திருக்க வேண்டும். “நாளைக்கு ஒரு நாள் போகட்டும். கையெழுத்து எங்கயும் ஓடிப்போகாது.”

மதியம் தாளாளர் இருவரையும் அழைத்தார். மேடையில் யாராவது எதையாவது கேட்டால் முழிக்கக்கூடாது என்ற கவலை அவருக்கு.

“வாங்க சாமி, உக்காருங்க. ராசிபுரத்துத் தோட்டத்துல மரவள்ளியப் புடுங்கச் சொல்லிப்போட்டேன். பூராவும் நம்ம செடிதான் நடறோம். ஆனா ஒண்ணு தெரியோணும். காளியண்ணின் அதுல எங்க இருக்குது? வேர்லயா, எலையிலயா?”

“எலையிலதாங்க,” என்றார் அறிவு, அவளைப் பார்க்காமல்.

தாளாளர் தலையை ஆட்டினார், ஆனால் கண் ஸ்ரீதேவி மேல் இருந்தது. சரக்கைப் பற்றி முதலாளியைக் கேட்காதே, ஆலையில் நிற்கிறவனைக் கேள் என்பது வியாபாரத்தில் அவர் கற்றது. “நீ சொல்லு அம்மிணி. அரைக்கறவ நீதான.”

இலை என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் நாளை மேடையில் சொல்ல வேண்டும், பிறகு பல்கலைக்கழகத்தில், பிறகு மரவள்ளி பிடுங்கிய தோட்டத்தில் வந்து நின்று சொல்ல வேண்டும். பொய்க்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. அவளிடம் அது தீர்ந்துபோயிருந்தது.

“ஹோஸ்ல இருக்குதுங்கய்யா.”

தாளாளர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

“நம்ம ஹோஸ்லயா, வெளி ஹோஸ்லயா?”

“நம்ம ஹோஸ்லதாங்க.”

ஒரு கணம் தாளாளர் முகத்தில் பெருமை வந்தது. மருந்தும் நம்ம கம்பெனியிலேயே இருந்திருக்கிறது. அறிவு அந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டு, அது இன்னும் பெரிய கண்டுபிடிப்பு என்று தொடங்கினார். தாளாளர் கையைக் காட்டி நிறுத்தினார். முகத்திலிருந்த பெருமை மெல்ல வடிந்தது.

“அப்ப ஹோஸ்ல இருந்து என்னமோ ஊறி வருதுன்னு மைக்கு வெச்சுச் சொல்லப் போறோம்.”

“எண்ணெய், சாராயம் மாதிரி கரைப்பான் பட்டாத்தாங்க அப்படி ஊறுது. கெட்டிப் பைப்புல அது இருக்காதுங்க,” என்றாள் ஸ்ரீதேவி.

“அது உனக்குத் தெரியும் சாமி. பைப்பு வாங்கறவனுக்கு? இந்தச் சில்லாவுல பாதி ஊட்டுக்கு நம்ம பைப்புலதான் தண்ணி போகுது.” அவர் போனை எடுத்து, தோட்டத்தில் மரவள்ளியைப் பிடுங்குவதை நிறுத்தச் சொன்னார். பிறகு அறிவைப் பார்த்து, “அந்தப் பேரை இனி யாரும் இந்தக் காம்பவுண்டுல சொல்லக்கூடாது. ஆராய்ச்சியிலயும் இருக்கக்கூடாது,” என்றார்.

மறுநாள் விழா நடக்காமலில்லை. பந்தலும் சாப்பாடும் சொன்னது சொன்னதுதானே. சங்ககிரியிலிருந்து அவசரமாக வந்த புதிய ஃப்ளெக்ஸில், அதே சிரிப்புக்குக் கீழே ‘பிளாஸ்டிக் இல்லாத ஆய்வகம்: கண்ணாடிக் கருவிகள் வழங்கும் விழா’ என்றிருந்தது. விஞ்ஞானத்தில் சுத்தம் முக்கியம் என்று தாளாளர் பேசினார். இதைத் தாம் நெடுநாளாக வலியுறுத்தி வந்ததாக அறிவு பேசினார். விருந்தினர்கள் இலைப்பொடிப் பைகளோடு போனார்கள். அதில் ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் ஒரே நற்குணம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்ரீதேவி கையெழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அறிவு சார் தானாகவே வந்து சொன்னார்: காளியண்ணினை எடுத்துவிட்டால் அவள் ஆய்வில் மிஞ்சுவது நன்றியுரை மட்டும்தான், கஞ்சமலையில் வேறு செடிகளுக்கா பஞ்சம், முதலிலிருந்து ஆரம்பித்தால் போயிற்று, இந்தத் தடவை கண்ணாடி வேறு இருக்கிறது. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

வீட்டில் அன்று மாலை வணக்கமும் ‘இன்னும் முடியலையா’ என்பதாகவே இருந்தது.

அடுத்த வாரம் புதுச்செடி வந்தது. உதவியாளர் சின்னுசாமி இலைகளைக் கழுவி மாடியில் காயப்போட்டுவிட்டதாகச் சொன்னார். கண்ணாடிக் குடுவைகளை அடுக்கிவைத்துவிட்டு ஸ்ரீதேவி மேலே போனாள். மண் படாமல் இருக்கட்டும் என்று அவர் அக்கறையாகக் கீழே விரித்திருந்தது அந்தப் பழைய ஃப்ளெக்ஸை. வெயிலில் அது இளகி, புது ஹோஸ் வாசம் அடித்தது. பூட்டின் மேலும் சாவியின் மேலும் ஈர இலைகள் ஒட்டிக்கிடந்தன.

பதறவெல்லாம் அவளுக்குத் தெம்பில்லை. கீழே போய்ப் பருத்தித் துணி ஒன்றை எடுத்து வந்து நிழலில் விரித்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து, காளியண்ணன் முகத்திலிருந்து இலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்கத் தொடங்கினாள். நன்றாகத்தான் ஒட்டியிருந்தன.