நகரும் வளவு, நகராத வேலி

பள்ளிமுனையில் பெனடிக்றின் வளவு வருடத்துக்கு ஒரு விரற்கடை மேற்கே நகர்கிறது. வீடு, முருங்கை, கோழிக்கூடு, பாயில் காயும் நெத்தலி எல்லாம் சேர்ந்தே நகர்வதால் வீட்டாருக்கு அது தெரியவில்லை. மேற்கு வளவுக்காரர் வின்சன்ட்டுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. அவரும் ஒரு கள்ளர் என்பதே காரணம்.

அங்கே வேலி அடைக்கும் வழக்கம் அப்படி. வருடாவருடம் பழைய ஓலையை அவிழ்த்து, கதியால் கம்பைப் பிடுங்கித் திரும்ப நடும்போது, பக்கத்து வளவுக்குள் ஒரு விரற்கடை தள்ளி நடுவார்கள். அதை யாரும் களவு என்பதில்லை. வின்சன்ட் ஒரு வருடமும் தவறவில்லை. ஆனாலும் அவருடைய நல்லதண்ணீர்க் கிணற்றுக்கும் வேலிக்கும் இடையே அதே ஒரு பாகத் தூரம்தான் இருந்தது. பெனடிக்ற் திருப்பித் தள்ளுகிறான் என்று முடிவுகட்டினார். கிணறு போனால் தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்குத் தவம் கிடக்க வேண்டும்.

உயிலங்குளத்துச் சுபத்திரா, புவியியல் விரிவுரையாளர், சந்தேகத்தைத் தீர்க்கக் கருவியோடு வந்து இரு வளவையும் அளந்தார். பூமியின் ஓடு ஒரே துண்டல்ல, பல தட்டுகள் என்றார். நம்முடைய தட்டு நகம் வளரும் வேகத்தில் வடக்கே போய் முட்டியதில்தான் இமயமலை எழுந்தது. விளிம்புகள் இறுகி விடுபட்டால் நிலநடுக்கம். ஒன்று மற்றதன் கீழே புகுந்தால் எரிமலை. பெனடிக்றின் வளவு உலக வரைபடத்தில் குறிக்காமல் விட்ட ஒரு சிறு தட்டு. அது வின்சன்ட்டின் வளவுக்கு மேலே ஏறப் பார்க்கிறது, வேலிதான் மறித்து நிற்கிறது.

"பிள்ளை, அவன்ர வீட்டில தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டார் வின்சன்ட்.

"ஓம் ஐயா, குடிச்சனான்."

"அதுதானே பாத்தன்."

அந்தத் தவக்காலத்தில் வின்சன்ட் வேலிக் களவைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். இனிமேல் கதியாலை அசைக்கக் கூடாது என்றார் பங்குச் சுவாமி. வின்சன்ட் அசைக்கவில்லை.

அடுத்த வருடம் குருத்தோலை ஞாயிறன்று இரண்டு வளவுகளில் மட்டும் நிலம் நடுங்கியது. எதிரே ரிஸ்கானின் கடையில் ஒரு சோடாப் போத்தலும் ஆடவில்லை. வேலி நெடுக முழங்கால் உயர மலைத்தொடர் எழுந்தது, ஊர்க் கழுதைகள் அதில் ஏறி நின்றன. உயர்ந்த சிகரம் புகைந்தது. பெனடிக்றின் மனைவி பெற்றிசியா அதன்மேல் தேநீர்க் கேத்தலை வைத்தார். சிரட்டை புதைத்து எரிக்கிறாள் என்று கிண்டிப் பார்த்த வின்சன்ட்டின் புருவம் கருகியது. கிணற்றுக்கட்டு வெடித்து, தண்ணீர் சுடத் தொடங்கியது.

பெனடிக்ற் மலையைத் தாண்டி வந்தார்.

"வின்சன்ட் அண்ணை, வேலி அசையாமல் இறுகி நிண்டதாலதான் இந்த மலை. பழையபடி ஒரு விரற்கடை களவெடுங்கோவன்."

"நான் எப்பயடா களவெடுத்தனான்?"

"வருசாவருசம் குசினி யன்னலால பாக்கிறனான். எங்களுக்கும் உங்கட கிணத்துத் தண்ணிதானே, அதுதான் வாய் திறக்கேல்ல."

களவெடுக்கச் சொல்லிக் கேட்பவனை எப்படி நம்புவது? வின்சன்ட் இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தள்ளி நட்டார். தண்ணீர் குளிர்ந்தது. மலை கணுக்கால் மட்டத்துக்கு இறங்கியது.

இப்போது வருடாவருடம் பெனடிக்றே விரலை வைத்து அளந்து காட்ட, வின்சன்ட் கதியால் நடுகிறார். அந்த ஒரு பாவத்தை மட்டும் இனிச் சொல்ல வேண்டாம் என்று சுவாமியும் விட்டுவிட்டார். சிகரத்தில் கொதித்த தேநீரை இருவரும் குடிக்கிறார்கள். பெனடிக்றின் விரல் தன் விரலைவிட மெலிந்ததோ என்று மட்டும் வின்சன்ட் கோப்பைக்கு மேலால் பார்த்துக்கொள்கிறார்.