கம்பத்தில் ஏறிய பாவாடை

ஒரு ஆட்டுக்கல்லுக்காக சாராள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடுவாள் என்று சொன்னால் தாம்பரத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் விட்டாளே! கேளம்பாக்கம் உப்பங்கழியின் நடுத்திட்டில், உப்பளக் கம்பெனி அவள் புருஷனுக்குக் கொடுத்திருந்த பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, "அங்க என் மாமியார் கல்லு கிடக்கு" என்று ஒரே பிடிவாதம்.

துணைக்கு வந்தவள் மகள் சௌந்தரி, முப்பத்து மூன்று வயது டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்கு அம்மாவிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல இருபத்தைந்து வருஷமாக வாய் வரவில்லை. அந்த வீடு நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினாள். பஸ்ஸில் முயன்றாள். அம்மா ஜன்னலோர சீட்டுக்காக யாருடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

படகுக்காரன் லோகு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாம்மா, கல்லத் தூக்கியாரவா போறீங்க? படகு முழுகிச்சின்னா?"

"ஏன், உனக்கு நீச்சல் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கல்லுக்குத் தெரியாதே!"

சாராள் வாய்விட்டுச் சிரித்தாள். சௌந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குக் கூரை இல்லை. வாசலில் கம்பம் மட்டும் கோணலாக நின்றது. அந்தக் காலத்தில் திட்டுக்காரர்களுக்கு அதுதான் தபால், தந்தி எல்லாம். வெள்ளைத் துணி ஏற்றினால் அரிசி பருப்பு வேண்டும் என்று அர்த்தம், படகு சாவகாசமாக வரும். சிவப்பு ஏற்றினால் யாருக்கோ உடம்பு முடியவில்லை, போட்டது போட்டபடி ஓடி வருவார்கள்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் கிறிஸ்துமஸ் காலையில் மூன்று வயதுத் தம்பி தயாளனுக்குக் காய்ச்சல் கொதித்தது. அப்பா லாசரஸ் வேலையாகக் கரைக்குப் போயிருந்தார். வீட்டிலிருந்த ஒரே சிவப்பு, எட்டு வயது சௌந்தரியின் புதுப் பாவாடை. இன்னும் ஒரு தடவைகூட உடுத்தாதது. அம்மா அதைக் கம்பத்தில் ஏற்றிவிட்டு உள்ளே போனாள். சௌந்தரி இறக்கி உடுத்திக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் ஆசை தீரச் சுற்றிச் சுற்றி ஆடினாள். மத்தியானம்தான் பயம் வந்து மறுபடி ஏற்றினாள். படகு வந்தபோது தம்பி இல்லை. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அவன் பேச்சையே எடுக்கவில்லை. அப்பாவும் ஒன்றும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

"அம்மா, கல்லு அப்புறம் தேடலாம்" என்றாள் சௌந்தரி. "அன்னிக்கு அந்தப் பாவாடையை நான்தான் இறக்கினேன். அதனாலதான் படகு வரலை."

சாராள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"தெரியும்டி."

"தெரியுமா?"

"ஜன்னல் வழியாப் பார்த்தேன். கம்பத்துல ஏத்த பாவாடையை உன் கையிலேருந்து வாங்கினப்பவே உன் மூஞ்சி சுண்டிப்போச்சு. பண்டிகையும் அதுவுமா பிள்ளை கொஞ்ச நேரம் போட்டுக்கட்டும், வெறும் காய்ச்சல்தானேன்னு விட்டுட்டேன். நீ குழந்தை. எனக்கில்ல புத்தி இருந்திருக்கணும்."

சௌந்தரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா திட்டுவாள், அறைவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தாள். இதை நினைக்கவில்லை.

"கல்லாவது மண்ணாவது" என்றாள் சாராள். குரல் உடைந்தது. "பார்த்துக்கிட்டே ஏம்மா சும்மா இருந்தேன்னு நீ என்னைக்காவது கேட்டுடுவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு நானே சொல்லிடலாம்னுதான் உன்னை இழுத்துக்கிட்டு வந்தேன்."

சௌந்தரி அம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள். சின்ன அழுகை இல்லை, எட்டு வயதில் அழுதிருக்க வேண்டிய அழுகை. சாராள் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தயாளன் இருந்திருந்தா இருபத்தெட்டு வயசு" என்றாள். "இந்நேரம் பொண்ணு பார்த்திருப்போம்."

அம்மா வாயால் அந்தப் பெயரைக் கேட்டு இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.