பிரவுன் பேன்ட்

அங்குலத்தின் கண்ணுக்குப் பச்சையும் பிரவுனும் ஒன்றுதான். ரோஸும் சாம்பலும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் வயிறு வளர்ப்பது துணிக்கடையில்.

அங்குலம் என்பது கடையில் வைத்த பெயர். கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வரும்போதே, "சட்டை நாற்பத்திரண்டு, இடுப்பு முப்பத்தாறு" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். பிறகு டேப்பை வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் பிசகாது. ஆண்கள் பிரிவில் பதினாறு வருடம் குப்பை கொட்டியாகிவிட்டது. நிறத்தை மட்டும் அவர் துணியில் தொங்கும் சீட்டில் எழுத்தாகப் படித்தே சமாளித்தார். "இது எனக்கு எடுக்குமாங்க?" என்று யாராவது கேட்டால், ஓரக்கண்ணால் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்க நிறத்துக்கு இந்த ரோஸ் தூக்கலா இருக்கும் சார்" என்று அடித்துவிடுவார். வாங்கிப் போனவர் ஒருவரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

ஆனால் சீட்டு கடையோடு சரி. வீட்டில் துவைத்துக் காய்ந்த துணிக்கு ஏது சீட்டு? கல்யாணமான மூன்றாம் நாளே மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்" என்று சிரித்தாள். அன்றிலிருந்து பதினான்கு வருடம், தினமும் சாயங்காலம் மறுநாளைக்கான சட்டையும் பேன்ட்டும் நாற்காலி முதுகில் தொங்கும். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த பத்து நாள் மட்டும் அவர் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட்டிலேயே ஓட்டினார். "என்னண்ணே, ஆஸ்பத்திரியில வேற வேலை பார்க்கிறீங்களா?" என்று கடையில் கிண்டல் செய்தார்கள். சிரித்து மழுப்பினார்.

இந்த ஏற்பாட்டுக்குள் மச்சினன் வந்து சேர்ந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். ஒரே ஒரு பையோடு வந்தான். ஹாலில் படுத்தான். அங்குலம்தான் முதலாளியிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவனுக்கு அதே பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்தார். கெட்டிக்காரப் பையன், பேச்சிலே ஆளைக் கவிழ்த்துவிடுவான். வீட்டுப் பிள்ளைதானே என்று தன் கண் விஷயத்தையும் அவரே அவனிடம் சொன்னார். அவர் வாயாலேயே சொன்னார், அதுதான் கொடுமை.

"மாமா, அக்கா எத்தனை நாளைக்கு நாற்காலியில துணி தொங்கவிடும்? இதுக்கெல்லாம் ஆப் இருக்கு" என்றான் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மூன்று ஞாயிறு பிடித்தது. பீரோவைக் காலி செய்து, கட்டிலில் வெள்ளைப் போர்வையை விரித்து, ஒவ்வொரு துணியாகக் கிடத்திப் படம் எடுத்தார்கள். எண்பத்திரண்டு உருப்படி. காலருக்கு உள்ளேயும் இடுப்புப் பட்டிக்கு உள்ளேயும் அழியாத மையில் எண் போட்டார்கள். ஆப் தானாகவே நிறத்தைக் கண்டுபிடித்து எழுதிக்கொள்ளும். ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் அதுவும் தடுமாறியது. "இதை நம்பாதீங்க மாமா. நான் கண்ணால பார்த்து ஒவ்வொண்ணா அடிச்சு வெக்கிறேன்" என்றான் மச்சினன். அப்படியே ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்து அடித்தான். அதே கணக்கில் தன் துணிகளையும் அக்கா துணிகளையும் ஏற்றினான். மூன்று பேர் போனிலும் ஒரே பீரோ.

சும்மா சொல்லக் கூடாது, வாழ்க்கை சுலபமாகத்தான் ஆயிற்று. காலையில் போனைத் திறந்தால் 'இன்றைக்கு 14, 51' என்று வரும். எண்ணைப் பார்த்து உருவிப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கடையில் எதையாவது பார்த்து ஆசைப்பட்டால், 'இதே மாதிரி மூன்று இருக்கிறது' என்று அது தலையில் குட்டும். கொள்முதலுக்காக நாலு நாள் வெளியூர் போனபோது, ஆப் போட்டுக் கொடுத்த பட்டியலைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் பெட்டி கட்டினார். "உங்களுக்கு யாருண்ணே துணி எடுத்து வெக்கிறது? ஒரே அசத்தலா இருக்கு" என்று கூட வந்தவன் கேட்டான். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் முதலாளி பக்கத்து ஊரில் புதுக் கிளை திறக்கப் போவதாகச் சொன்னார். அதற்கு மேலாளர் வேண்டும். "திங்கட்கிழமை காலையில ஒவ்வொருத்தரா என் ரூமுக்கு வாங்க. நீங்களே தேர்ந்தெடுத்த உடுப்புல வாங்க. தனக்கே உடுத்தத் தெரியாதவன் என் வாடிக்கையாளருக்கு என்னத்த உடுத்திவிடப் போறான்?" என்றார். அங்குலத்துக்கு அந்த வேலை என்றால் உயிர். பதினாறு வருடம் மற்றவர்கள் பின்னால் டேப்போடு நின்றவருக்கு ஒரு கடை, ஒரு நாற்காலி. கடையில் எல்லோரும், "உங்களுக்குத்தாண்ணே, வேற யாருக்கு?" என்றுதான் சொன்னார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மச்சினன் ஒரு பார்சலோடு வந்தான். "ஆப்ல பார்த்தேன் மாமா, உங்ககிட்ட நல்ல பிரவுன் பேன்ட் ஒண்ணுகூட இல்ல. என் பரிசு. கூட ஒரு சாம்பல் சட்டை. முதலாளி அசந்துடுவார்." ஏற்கனவே துவைத்து, எண் போட்டு, படம் ஏற்றியும் முடித்திருந்தான். எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு.

"சீட்டு எங்கடா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார் அங்குலம்.

"துவைக்கும்போது கிழிச்சுப் போட்டேன் மாமா."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தங்கமான பையன் என்று மனைவியிடம் சொன்னார். அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து அன்றைக்கே இரண்டையும் மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை வாசலில் அவள் அவரை நிற்க வைத்துக் காலரைச் சரி செய்தாள். "நல்லா இருக்குங்க. தைரியமாப் போயிட்டு வாங்க" என்றாள். பஸ்ஸில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். கழுத்தில் டேப்போடு வந்துவிட்டோமோ என்று தடவிப் பார்த்துக்கொண்டார். டேப் இல்லை.

முதலாளி அறைக்கு வெளியே நாற்காலியில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். கருநீலக் கோட்டு.

"நீ எங்கடா இங்க?"

"முதலாளி சும்மா வரச் சொன்னார் மாமா. நமக்கெல்லாம் எங்க கிடைக்கப் போகுது?" அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தான். "சூப்பரா இருக்கீங்க மாமா."

உள்ளே போனதும் கணக்கெழுதும் அம்மாள் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"என்னய்யா இது வேஷம்?"

"என்னங்க ஐயா?"

"போட்டிருக்கிற பேன்ட் என்ன கலர்?"

"பிரவுனுங்க ஐயா."

"சட்டை?"

"சாம்பலுங்க."

முதலாளி எழுந்து வெளியே போய், அலமாரியிலிருந்து மூன்று சட்டைகளை உருவி வந்து மேஜையில் போட்டார். மூன்றிலும் சீட்டைப் பிய்த்திருந்தார். "இதுல எதுய்யா பச்சை?"

அங்குலம் மூன்றையும் பார்த்தார். வியர்த்துவிட்டது. நடுவில் இருந்ததைத் தொட்டார். முதலாளி பெருமூச்சு விட்டார்.

"அப்போ நிசந்தான். உன் மச்சினன் வந்து சொன்னப்ப நான் நம்பல. கிளிப்பச்சைப் பேன்ட், ரோஸ் சட்டை போட்டுட்டு வந்து நிக்கிறே! பதினாறு வருஷம்ய்யா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன உன்னை விரட்டிவிட்டிருப்பேனா?"

முதலாளி ஈவு இரக்கம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது. நாளையிலிருந்து மாடியில் தையல் பிரிவில் அளவெடுக்கும் வேலையைப் பார்க்கச் சொன்னார். கிளையை யாருக்குக் கொடுத்தார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

வெளியே மச்சினன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "ஐயோ மாமா, லைட்ல ஆப் தப்பா எடுத்திருக்கும் மாமா..."

"நீதானடா கண்ணால பார்த்து அடிச்சே?"

மூன்று மாதமாக எண்பத்திரண்டு துணிக்கும் உண்மையைச் சொல்லி நம்ப வைத்து, கடைசி இரண்டில் கழுத்தை அறுத்துவிட்டான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் உண்ட கையையே மாமாவின் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். அங்குலம் அந்தக் கையைத் தட்டிவிட்டு, அதே கிளிப்பச்சையும் ரோஸுமாகக் கடையின் முழு நீளத்தையும் நடந்து கடந்தார். தெரிந்து நடப்பது தெரியாமல் நடப்பதைவிடக் கேவலமாக இருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தார். அதில் மச்சினன் துணிகளுக்கான பக்கத்தில் பெட்டிப் பட்டியல் ஒன்று இருந்தது. 'புதுக் கிளை' என்று பெயர். முப்பத்தோரு உருப்படி, செருப்பு வரைக்கும் சரி பார்த்து முடித்தது. தேதியைப் பார்த்தார். முதலாளி கிளை விஷயத்தைச் சொன்ன அதே நாள். படுபாவி, அன்றைக்கே பெட்டி கட்டியிருக்கிறான்.

சரி, அவன் பிறத்தியான். எப்படி இருந்தாலும் இன்னொரு வீட்டுப் பிள்ளை. அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டு வந்தார். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில்தான் அது உறைத்தது. காலையில் அவள் பார்த்தாளே! சனிக்கிழமை தேய்த்தவளும் அவள்தான். காலரைத் தொட்டுச் சரி செய்தாளே! இருக்காது, அவசரத்தில் கவனித்திருக்க மாட்டாள், தம்பி வாங்கிக் கொடுத்ததை எப்படிக் குறை சொல்வது என்று இருந்திருப்பாள் என்று அவளுக்காக அவரே வாதாடினார். மேலாளர் வேலை போனால் போகிறது, இது மட்டும் அப்படி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் லுங்கிக்கு மாறி, பேன்ட்டை ஜன்னலோரம் வெயில் விழும் மேஜையில் விரித்தார். அவளைக் கூப்பிட்டார். கடையில் நடந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"இது என்ன கலர்?"

அவள் பேன்ட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பிரவுன்தாங்க" என்றாள்.

அங்குலம் நாற்காலியில் உட்கார்ந்தார். "கடையில முதலாளி கிளிப்பச்சைன்னு சொன்னாரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும்னுதாங்க. ரெண்டு வருஷமா ஹால்ல கிடக்கிறான். உங்களுக்கு ஒரு வேலை இருக்கு, அது எங்கயும் போகாது. புதுக் கடைக்குப் போனா அங்க எப்படியும் கண்டுபிடிச்சுருவாங்க, அசிங்கமாப் போயிரும்னு அவன் சொன்னான். எனக்கும் சரின்னு பட்டுச்சு. ஒரு நாள் கூத்துதானேன்னு..."

"அவனை விடு. அவன் புத்தி அவ்வளவுதான். நான் உன்கிட்ட கேட்டேனே, இப்போ, இந்த நிமிஷம்! உன்னை விட்டா நான் யார்கிட்டடி போய்க் கேட்பேன்?"

அவள் அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார். போனை எடுத்து ஆப்பை அழித்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை நாற்காலி முதுகில் பழையபடி ஒரு சட்டையும் பேன்ட்டும் தொங்கின. அவள் சமையலறை வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. "சட்டை பச்சைங்க, பேன்ட் கறுப்பு. சத்தியமாப் பச்சைதாங்க" என்றாள்.

அங்குலம் பனியனோடு, சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் கட்டிக் காத்த விஷயம், இப்போது நடுத்தெருவில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றது. முதலில் நின்ற ஆளிடம் சட்டையை நீட்டினார்.

"அண்ணே, எனக்குக் கலர் தெரியாது. இது என்ன கலர்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

அந்த ஆள் சட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பச்சை" என்றார்.

அங்குலம் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவரிடமும் கேட்டார்.